பங்கிட்டுக்கொள்ளும் ஒற்றையடிப் பாதைகள்: கிராவுபுண்டன் மலைகளில் ஒரு மிதிவண்டிப் பயணம்

ஆஸ்திரியா, இத்தாலி, லீக்டன்ஸ்டைன் ஆகிய மூன்று நாடுகளை எல்லையாகக் கொண்டு சுவிட்சர்லாந்தின் கிழக்குப் பகுதியில் 7,105 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துகிடக்கும் கிராவுபுண்டன், அந்நாட்டின் 26 மாநிலங்களுள் பரப்பளவில் மிகப் பெரியது. ஆயினும் அதன் மக்கள்தொகை இரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டும் அளவினது. ஜெர்மன், ரோமான்ஷ், இத்தாலியன் ஆகிய மூன்றும் ஆட்சிமொழிகளாக உள்ள ஒரே சுவிஸ் மாநிலமும் இதுவே. ரைன் ஆற்றின் தலைநீர்களும், டான்யூபில் சென்று கலக்கும் இன் ஆறும், இத்தாலியின் போ ஆற்றுக்கு நீர் தரும் ஓடைகளும் இந்த ஒரே மாநிலத்தில் பிறப்பதால், இதன் நிலம் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளத்தாக்குகளாகப் பிளவுண்டு கிடக்கிறது. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குச் செல்ல வேண்டுமாயின் கணவாய் ஏறித்தான் ஆகவேண்டும் என்ற இந்நிலை, மோட்டார் வாகனம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மலைச்சரிவுகள் முழுவதும் நடைபாதைகளைப் பின்னிவிட்டது. இன்று 10,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அப்பாதைகளில் பெரும்பகுதியில் நடப்போருக்கு இணையாக மிதிவண்டியோட்டிகளும் செல்கின்றனர். ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மலை மிதிவண்டிப் பயணம் எப்படி வேரூன்றியது, எந்த ஒழுங்கின் மேல் அது நிற்கிறது என்பதை அறிய விரும்பும் பயணிக்கு இதைவிடத் தெளிவான களம் கிடைப்பது அரிது.

மலை மிதிவண்டி என்பது தடித்த கட்டைகள் பதித்த அகன்ற டயர்களும், முன்சக்கரத்துக்கு மட்டுமோ இரு சக்கரங்களுக்குமோ ஷாக் அப்சார்பர்களும், டிஸ்க் பிரேக்குகளும், செங்குத்தான ஏற்றத்துக்கு உதவும் மிகத் தாழ்ந்த கியர்களும் கொண்ட வண்டியாகும். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள மலைச்சரிவுகளில் பழைய வண்டிகளை உருட்டி இறங்கிய இளைஞர்களிடம் தோன்றிய இவ்விளையாட்டு, அடுத்த பத்தாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தது. கலிபோர்னியாவில் அது மலையின் மண்சாலைகளில் தொடங்கியது. கிராவுபுண்டனிலோ அதற்கு முன்னரே ஆயத்தமாகக் கிடந்த ஒற்றையடிப் பாதைகள் அதை எதிர்கொண்டன.

அப்பாதைகளை அவற்றின் பிறப்பைக் கொண்டு மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, வடக்கு ஐரோப்பாவையும் இத்தாலியையும் இணைத்த வணிக வழிகள். செப்டிமர் கணவாயைக் கடக்கும் வழி ரோமானியர் காலத்திலேயே பயன்பட்டது; 1387இல் கூர் நகரத்து ஆயரின் ஆணைப்படி அங்கே சிறு வண்டிகள் செல்லத்தக்க கல்பாவிய வழி அமைக்கும் பணி தொடங்கியது. இரண்டாவது, கோடையில் மாடுகளை மேலே ஓட்டிச் செல்லவும் பாலையும் பாலாடைக்கட்டியையும் கீழே கொண்டுவரவும் உழவர் அமைத்த மேய்ச்சல் வழிகள். மூன்றாவது, சுரங்கத் தொழிலாளரும் மரம் வெட்டுவோரும் படைவீரரும் தத்தம் தேவைக்காகச் சரிவுகளில் வெட்டிய குறும்பாதைகள். இவற்றுள் வணிக வழிகளின் நிர்வாகம் தனியே குறிப்பிடத் தக்கது. வழியோரத்துக் கிராமங்கள் பொதிவிலங்குக்காரர்களின் கூட்டுறவுகளாக ஒன்றுசேர்ந்து, தத்தம் எல்லைக்குள் சரக்கைச் சுமந்து செல்லும் உரிமையைத் தமக்கே உரியதாக வைத்திருந்தன; அந்த உரிமைக்கு ஈடாகத் தம் பகுதிப் பாதையைப் பழுதுபார்க்கும் கடமையும் அவற்றின்மேல் சுமத்தப்பட்டிருந்தது. பாதையால் பிழைப்பவரே பாதையைப் பேண வேண்டும் என்ற அந்தப் பழைய நியதி, இன்றைய மிதிவண்டிப் பாதைகளின் கதையிலும் மறைமுகமாகத் தொடர்கிறது.

பாதையை யார் பயன்படுத்தலாம் என்ற கேள்வியில் இம்மாநிலத்தின் வரலாறு விந்தையானது. 1900ஆம் ஆண்டில் கிராவுபுண்டன் தன் சாலைகள் அனைத்திலும் மோட்டார் கார்களைத் தடைசெய்தது. புழுதியும் இரைச்சலும் குதிரைகளின் மிரட்சியும் காரணங்களாகக் கூறப்பட, வாக்கெடுப்புக்குப் பின் வாக்கெடுப்பாக மக்கள் அத்தடையை நிலைநிறுத்தி, 1925இல்தான் அதை நீக்க இசைந்தனர். கால் நூற்றாண்டுக் காலம் காரை வாசலிலேயே நிறுத்திவைத்த ஒரு சமூகம் மலை மிதிவண்டியை ஒப்பீட்டளவில் எளிதாக ஏற்றுக்கொண்டதற்கு, உள்ளூராட்சிகளின் அதிகாரமும் சுற்றுலாவைச் சார்ந்த வாழ்வும் காரணங்களாக அமைந்தன. அண்டை நாடான ஆஸ்திரியாவில் 1975ஆம் ஆண்டின் வனச்சட்டப்படி காட்டுச் சாலைகளில் மிதிவண்டி ஓட்ட நில உரிமையாளரின் இசைவு தேவை. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள காட்டுப்பாதையில் மிதிவண்டி ஓட்டுவதே பொதுவாக விலக்கப்பட்டுள்ளது. சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சிச் சட்டம், வாகனத்துக்கு ஏற்றதல்லாத பாதைகளில் வாகனம் செல்லக் கூடாது என்று பொதுப்படக் கூறினாலும், எந்தப் பாதை ஏற்றது என்பதை வரையறுப்பதில் மாநிலங்களுக்கும் உள்ளூராட்சிகளுக்கும் இடம் விட்டிருக்கிறது. கிராவுபுண்டன் அந்த இடத்தைத் தாராளமாகப் பயன்படுத்தி, வெளிப்படையாகத் தடை அறிவிக்கப்படாத பாதைகளை நடப்போரும் ஓட்டுவோரும் பகிர்ந்துகொள்ளலாம் என்ற நடைமுறையைக் கைக்கொண்டது. 2018 செப்டம்பரில் நடந்த நாடளாவிய வாக்கெடுப்பில் 73.6 விழுக்காட்டினர் மிதிவண்டிப் பாதைகளை அரசியலமைப்பில் சேர்க்க ஆதரவளித்ததைத் தொடர்ந்து, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மிதிவண்டிப் பாதைச் சட்டம், மலை மிதிவண்டி வழிகளையும் திட்டமிட்டு அமைக்க வேண்டியவற்றின் பட்டியலில் வைத்தது.

பயணம் இயல்பாகத் தொடங்கும் இடம் மாநிலத் தலைநகரான கூர். சுவிட்சர்லாந்தின் மிகப் பழைய நகரமாகக் கருதப்படும் இந்நகர், ரைன் பள்ளத்தாக்கில் 600 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் அமைந்திருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்தே மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துகள் மலைக்கிராமங்களுக்குப் புறப்படுகின்றன. அவற்றுள் பல, கோடையில் மிதிவண்டிகளை ஏற்றும் தாங்கிகளுடன் ஓடுகின்றன. நடைபாதைகளுக்கு மஞ்சள் நிறக் கைகாட்டிகளும், அவற்றுள் கரடுமுரடான மலைப்பாதைகளுக்கு வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டைகளும், மிதிவண்டி வழிகளுக்குச் சிவப்பு நிறப் பலகைகளும் நாடு முழுவதும் ஒரே சீராக நடப்பட்டுள்ளன. இந்த அடையாளங்களை முதல் நாளிலேயே படித்துப் பழகிக்கொள்ளும் பயணிக்கு வரைபடத்தின் உதவி பாதியாகக் குறைந்துவிடும். வெள்ளை-நீலம்-வெள்ளைப் பட்டை கண்ட இடத்தில் மட்டும் வண்டியைத் திருப்பிவிடுவது நல்லது. ஏனெனில் அது கயிறும் பனிநடைப் பழக்கமும் தேவைப்படக்கூடிய உயர்மலை வழியைக் குறிக்கிறது.

கூரிலிருந்து தெற்கே ஏறும் சாலை, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள லென்ட்சர்ஹைடே என்ற ஊரை அடைகிறது. பனிச்சறுக்குக்காகக் கட்டப்பட்ட ரோப் கார்கள் கோடையில் சும்மா கிடப்பதைத் தவிர்க்கவும், குளிர்காலத்தை மட்டும் நம்பியிருக்கும் வருவாயை விரிவாக்கவும் ஆல்ப்ஸ் ஊர்கள் மேற்கொண்ட முயற்சிகளுக்கு இவ்வூர் தக்க எடுத்துக்காட்டு. இங்கே காணப்படுபவை பெரும்பாலும் கட்டப்பட்ட பாதைகள்: மிதிவண்டிக்கென்றே வடிவமைத்து, சிறு மண்வாரி இயந்திரங்களால் வெட்டி, ஒரே திசையில் இறங்க மட்டும் அனுமதிக்கும் தனிவழிகள். ஃப்ளோ டிரெயில் எனப்படும் வகையில், வளைவுகளின் வெளிவிளிம்பு மண்சுவராக உயர்த்திச் சாய்க்கப்பட்டிருப்பதால் வண்டி வேகம் குறையாமல் திரும்புகிறது. இடையிடையே அமைந்த மண்மேடுகள் அலைபோல் ஏறி இறங்குவதால், உடலின் எடையை ஏற்றியும் தளர்த்தியும் பெடல் மிதிக்காமலே வேகத்தைத் தக்கவைத்துக்கொள்ள இயலும். 2018இல் உலக மலை மிதிவண்டி வாகையர் போட்டிகள் இவ்வூரில் நடைபெற்றன. குறுக்குநிலப் பந்தயத்தின் ஆடவர் பட்டத்தை இம்மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த நினோ ஷுர்ட்டர் வென்றார். அப்பிரிவில் பத்து உலகப் பட்டங்களும், 2016 ரியோ ஒலிம்பிக்கின் தங்கமும், அதற்கு முன் 2008இல் வெண்கலமும், 2012இல் வெள்ளியும் பெற்ற அவர், இவ்விளையாட்டின் வரலாற்றில் மிகுந்த வெற்றி கண்டவர்களுள் முதன்மையானவர்.

கட்டப்பட்ட பாதை தொடக்கநிலையாளருக்குப் பாதுகாப்பானது. நடப்போரிடமிருந்து வேகமாக இறங்குவோரைப் பிரித்துவைப்பதால் பூசலையும் குறைக்கிறது. எனினும் ஆல்ப்ஸின் நிலத்தையும் மக்களையும் அறிய விரும்பும் பயணி அதில் நெடுநேரம் தங்க வேண்டியதில்லை. ஏனெனில் அத்தகைய பாதையை உலகின் எந்த மலையிலும் வெட்டிவிட முடியும். இம்மண்ணுக்கே உரிய வழியைக் காண, கிழக்கே உள்ள டாவோஸ் பள்ளத்தாக்குக்குச் செல்ல வேண்டும்.

ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில் உள்ள டாவோஸ், உலகப் பொருளாதார மன்றத்தின் ஆண்டுக் கூட்டங்களால் இன்று பெயர்பெற்றிருந்தாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காசநோயாளிகள் மலைக்காற்றை நாடிவந்த மருத்துவ ஊராகவே வளர்ந்தது. தாமஸ் மன் 1924இல் வெளியிட்ட ‘மாய மலை’ நாவலின் களமும் இதுவே. அதற்கும் முன், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், மேற்கேயுள்ள வாலிஸ் பகுதியிலிருந்து வந்த வால்சர் எனப்படும் ஜெர்மன் மொழிக் குடியேறிகள் இப்பள்ளத்தாக்கில் நிலம் பெற்றுக் குடியமர்ந்தனர். அவர்கள் நெருக்கமான ஊர்களாக வாழாமல், ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தின் நடுவே தனித்தனியாக வீடு கட்டிக்கொண்டு சரிவெங்கும் பரவியிருந்தனர். வீட்டுக்கு வீடு, வீட்டிலிருந்து காட்டுக்கு, காட்டிலிருந்து மேய்ச்சல் நிலத்துக்கு என அவர்கள் நடந்து உருவாக்கிய பாதைகள், ஆற்றோரமாக மட்டும் செல்லாமல் சரிவின் நடுவுயரத்தில் மைல் கணக்கில் கிடையாக ஓடுகின்றன. செங்குத்தாக விழாமல் மெல்ல மெல்ல இறங்கும் அந்தத் தன்மையே பின்னாளில் மிதிவண்டிக்கு ஏற்றதாயிற்று.

அவ்வழிகளைக் கோத்து உருவான நெடும்பாதை ‘ஆல்ப்ஸ் எபிக் டிரெயில்’ என்ற பெயரால் அறியப்படுகிறது. 2,590 மீட்டர் உயரமுள்ள யாகோப்ஸ்ஹோர்ன் சிகரத்துக்கு இரண்டு கட்ட ரோப் காரில் ஏறி, ரினர்ஹோர்ன் மலையின் சரிவுகளைச் சுற்றி, மோன்ஸ்டைன் என்ற மரவீட்டுக் கிராமத்தைத் தொட்டு, ஆல்புலா பள்ளத்தாக்கிலுள்ள ஃபிலிசூர் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் செல்லும் இப்பாதைக்குப் பன்னாட்டு மலை மிதிவண்டிச் சங்கம் ‘எபிக்’ என்ற சிறப்புத் தகுதியை வழங்கியுள்ளது. சிகரத்தில் மரமோ புதரோ இல்லை. உடைந்த பாறைத் துண்டுகளும் சாம்பல் நிறப் பாசியும் தரையோடு ஒட்டிய புல்லும் மட்டுமே கண்ணில் படுகின்றன. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்காகக் குறைந்துவிடுவதால், சமவெளியில் எளிதாகத் தோன்றும் சிறு ஏற்றமும் இங்கே மூச்சு வாங்க வைக்கும். சில நூறு மீட்டர் இறங்கியதும் ஆல்ப்ஸ் ரோஜா எனப்படும் செந்நிறப் பூப்புதர்களும், அதன் கீழே ஆரோலா பைன், லார்ச் ஆகிய ஊசியிலை மரங்களும், இன்னும் கீழே ஸ்புரூஸ் காடும் வரிசையாகத் தொடர்வதை ஒரே நாளில் கண்டறியலாம். இங்குள்ள ஊசியிலை மரங்களுள் லார்ச் மட்டும் இலையுதிர் காலத்தில் பொன்னிறமாகி இலைகளை உதிர்க்கும் என்பதால், அக்டோபர் மாதத்தில் நடுச்சரிவு முழுவதும் மஞ்சளாக ஒளிர்கிறது.

ஒற்றையடிப் பாதையின் கடினத்தைக் குறிக்க ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் எஸ்0 முதல் எஸ்5 வரையான ஆறு படிகள் வழக்கில் உள்ளன. எஸ்0 என்பது வேரும் கல்லும் இல்லாத சீரான மண்பாதை. எஸ்1இல் சிறு தடைகள் தோன்றுகின்றன. எஸ்2இல் பெருங்கற்களும் படிகளும் தளர்ந்த மண்ணும் சேர்கின்றன. எஸ்3இல் குறுகிய கொண்டை ஊசி வளைவுகளும் பாறைத் தொகுதிகளும் வந்துவிடுவதால் பழகியவரும் அடிக்கடி இறங்கி நடக்க நேரிடும். அதற்கு மேற்பட்ட படிகள் வண்டியோட்டுவதைத் தனிக்கலையாகக் கற்றவர்க்கு மட்டுமே உரியவை. ஒரு மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள பாதையில் கொண்டை ஊசி வளைவு வரும்போது, ஓட்டுநர் சீட்டைத் தாழ்த்தி, எடையைத் தாழ்வாகவும் நடுவிலும் வைத்து, முன்சக்கரத்தை வளைவின் வெளிவிளிம்பு வரை உருளவிட்டு, பார்வையைச் சக்கரத்தின்மேல் வைக்காமல் வளைவு முடியும் இடத்தில் நிறுத்தி, முன்பிரேக்கை மெல்லத் தொட்டபடியே ஹேண்டில் பாரைத் திருப்புகிறார். பின்பிரேக்கை அழுத்திச் சக்கரத்தைச் சறுக்கவிட்டுத் திரும்புவது எளிது. ஆனால் பாதையைச் சிதைப்பது அந்த எளிய வழிதான்.

பிரேக்குகளின் வேலை எவ்வளவு கடுமையானது என்பதைக் கணக்கிட்டே அறியலாம். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ எடை எனக் கொண்டால், 1,500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 13 லட்சம் ஜூல். அது நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. மெதுவாக இறங்கும்போது காற்றின் தடை சொற்பம் என்பதால், இந்த வெப்பத்தில் பெரும்பகுதி ஒரு சாண் அகலமே உள்ள இரண்டு எஃகுத் தட்டுகளில்தான் சேர்கிறது. பிரேக்கை இடைவிடாமல் உரசிக்கொண்டே இறங்குவோருக்கு அதன் பிடி தளர்வதும், அழுத்தி விட்டு அழுத்தி விட்டு இறங்குவோருக்குத் தட்டுகள் ஆறுவதற்கு இடம் கிடைப்பதும் இதனாலேயே.

பாதை எப்படித் தேய்கிறது, எப்படிக் காக்கப்படுகிறது என்பதை மோன்ஸ்டைனுக்கு மேலுள்ள காட்டுப் பகுதி போன்ற இடங்களில் அருகிருந்து பார்க்கலாம். பூட்டிய பின்சக்கரம் ஈரமண்ணில் இழுபடும்போது விரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழுகிறது. அடுத்த மழையில் அப்பள்ளம் ஓடையாகிறது; நீர் நுண்மண்ணை அரித்துக்கொண்டு போக, கூழாங்கற்களும் வேர்களும் வெளியே தெரிகின்றன; அவற்றைத் தவிர்க்க நடப்போரும் ஓட்டுவோரும் ஓரமாக விலகிச் செல்ல, ஒரு பாதை இரண்டாகி, இரண்டு மூன்றாகிப் புல்வெளியைத் தின்கிறது. மரவெல்லைக்கு மேலே கோடை சில மாதங்களே நீடிப்பதால், கிழிபட்ட புல்தரை மீண்டும் மூடப் பல ஆண்டுகள் ஆகின்றன. இதைத் தடுக்கப் பாதைப் பணியாளர்கள் கையாளும் முறை பழமையானது: லார்ச் மரக்கட்டையையோ நீண்ட கற்களையோ பாதைக்குக் குறுக்கே, நேர்க்கோட்டில் அல்லாமல் சரிவை நோக்கிச் சாய்வாகப் பதித்து, ஓடிவரும் நீரை ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றனர். பிசின் மிகுந்த லார்ச் மரம் ஈரத்தில் எளிதில் மக்காது என்பதால் அதையே விரும்புகின்றனர். பாதையின் வெளிவிளிம்பை உட்பக்கத்தைவிடச் சற்றுத் தாழ்வாக விடுவதும், சுண்ணாம்புக் கலவை இன்றி அடுக்கிய கற்சுவரால் சரிவைத் தாங்குவதும் அதே நோக்கத்துக்காகத்தான். அந்தச் சாய்ந்த மரக்கட்டை மழைநாளில் வழுக்கும். சக்கரத்தை அதற்குச் செங்குத்தாகச் செலுத்தி, பிரேக் தொடாமல் கடப்பதே முறை.

கோடை மேய்ச்சல் நிலங்களின் ஊடே செல்லும் பகுதிகள் வேறு ஒழுங்கைக் கோருகின்றன. ஜூன் மாதத்தில் மாடுகள் மேலே ஓட்டிச் செல்லப்பட்டு, செப்டம்பரில் கீழே இறங்குகின்றன; இடைப்பட்ட காலத்தில் மலை முழுவதும் அவற்றின் வீடு. மின்வேலியின் குறுக்கே சுருள்கம்பி பொருத்திய பிளாஸ்டிக் கைப்பிடி இருக்கும். அதைக் கழற்றிக் கடந்தபின் மீண்டும் மாட்டிவிட மறந்தால், ஒரு மந்தையே வழிமாறி அடுத்த சரிவுக்குப் போய்விடக்கூடும். கன்றுடன் நிற்கும் பசுக்கூட்டத்தின் நடுவே வேகமாகப் பாய்வது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், இறங்கி, விலகிச் சுற்றிப் போக வேண்டும். 2012இல் கூர் நகரை ஒட்டிய காலாண்டா மலையில் ஓநாய்க் குடும்பம் ஒன்று குட்டி ஈன்றது. சுவிட்சர்லாந்தில் ஓநாய்கள் அற்றுப்போனபின் அங்கே உருவான முதல் கூட்டம் அதுவே. அதன்பின் ஆட்டு மந்தைகளுக்குக் காவல் நாய்கள் வைப்பது பரவலாயிற்று. அந்நாய்கள் ஓடிவந்து குரைத்தால், வண்டியிலிருந்து இறங்கி, வண்டியைத் தமக்கும் நாய்க்கும் இடையே நிறுத்தி, நாய் அமைதியடையும் வரை காத்திருந்து, நடந்தே கடக்க வேண்டும் என்று பாதையோர அறிவிப்புகள் அறிவுறுத்துகின்றன.

ஃபிலிசூரை அடைந்த பயணி, வண்டியை ரேட்டியன் ரயில்வேயின் சிவப்பு நிற ரயிலில் ஏற்றி டாவோசுக்குத் திரும்பலாம். 1909இல் திறக்கப்பட்ட இக்கிளைப் பாதையில், 210 மீட்டர் நீளமும் 88 மீட்டர் உயரமும் கொண்ட வீசன் கற்பாலம் லாண்ட்வாசர் ஆற்றைக் கடக்கிறது. ஃபிலிசூருக்கு மிக அருகே, ஆல்புலா முதன்மை வழியில், 1902இல் கட்டி முடிக்கப்பட்ட லாண்ட்வாசர் பாலம் நிற்கிறது: 65 மீட்டர் உயரம், 136 மீட்டர் நீளம், ஆறு வளைவுகள்; வளைந்து செல்லும் அப்பாலத்தின் தென்முனை செங்குத்துப் பாறையில் உள்ள குகையுள் நேரே நுழைகிறது. ஆல்புலா, பெர்னினா வழிகளை யுனெஸ்கோ 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு மெய்யான உறவு உண்டு: ரேட்டியன் ரயில்வேயும் நீலகிரி மலை ரயிலும் ஒரே மீட்டர் இருப்புப்பாதை அளவில் ஓடுபவை; நீலகிரியில் ஓடிய பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களும், ரேட்டியன் ரயில்வேயின் பழைய எஞ்சின்களுள் பலவும் சுவிட்சர்லாந்தின் வின்ட்டர்தூர் நகரத் தொழிற்சாலையிலேயே உருவாயின. நீலகிரியில் ரயில் பல்சக்கரத்தின் துணையால் ஏற, பெர்னினாவில் அது 7 விழுக்காட்டுச் சரிவைப் பல்சக்கரம் இன்றியே ஏறுகிறது.

ரயிலும் பாதையும் மலையின் மேல் நிலைத்து நிற்பவை போலத் தோன்றினாலும், மலை நிலையானதன்று என்பதை இதே பள்ளத்தாக்கு நினைவூட்டுகிறது. ஃபிலிசூருக்கு மேற்கே, பிரீன்ஸ் என்ற சிறு கிராமம் தன் அடித்தளத்தோடு மெல்லச் சரிந்துகொண்டிருக்கிறது; 2023 மே மாதம் அதன் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். ஜூன் 15ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி மேலிருந்த பாறைத் திரள் இடிந்து, ஊரின் வாசலருகே வந்து நின்றது. 2024 நவம்பரில் மக்கள் மறுமுறையும் வெளியேற நேர்ந்தது. பாதை மூடப்பட்டுள்ளது என்ற பலகையைக் கண்டும் தடுப்பைத் தாண்டிச் செல்வோர், இவ்வூரின் செய்தியை ஒருமுறை அறிந்துகொள்வது நல்லது.

ஃபிலிசூரிலிருந்து தெற்கே செல்லும் ரயில், பெர்கூன், பிரேடா ஆகிய ஊர்களுக்கு இடையே ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தைச் சுருள் குகைகளாலும் வளைவுகளாலும் வென்று, 5.8 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஆல்புலா குகைவழியே எங்கடின் பள்ளத்தாக்கில் வெளிப்படுகிறது. 1903 முதல் பயன்பட்ட பழைய குகைக்கு அருகே வெட்டப்பட்ட புதிய குகை 2024 ஜூனில் திறக்கப்பட்டது. எங்கடினின் கீழ்ப்பகுதியில் செர்னெட்ஸ் ஊரை ஒட்டி, 1914இல் நிறுவப்பட்ட சுவிஸ் தேசியப் பூங்கா 170 சதுர கிலோமீட்டர் பரப்பில் பரந்துள்ளது. அங்கே குறித்த பாதையை விட்டு விலகுவதும், பூப்பறிப்பதும், நாயை அழைத்து வருவதும் எவ்வாறு விலக்கப்பட்டனவோ, அவ்வாறே மிதிவண்டியும் முற்றிலும் விலக்கப்பட்டுள்ளது. பகிர்தல் என்ற கொள்கை எல்லா இடத்தையும் எல்லாருக்கும் திறந்துவிடுவதாகாது. சில இடங்களை விட்டுக்கொடுப்பதும் அதன் ஒரு பகுதியே என்பதற்கு இப்பூங்கா சான்றாகிறது.

பயணத்தின் கடைசிப் பகுதி பெர்னினா கணவாய். போன்ட்ரெசினா ஊரிலிருந்து ஏறும் ரயில் மோர்ட்டராச் நிலையத்தில் நிற்கிறது; 1878 முதல் அளக்கப்பட்டுவரும் அங்குள்ள பனியாறு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டதால், முன்பு நிலையத்துக்கு அருகே இருந்த பனிமுனையைக் காண இன்று நெடுந்தொலைவு நடக்க வேண்டும். 2,253 மீட்டர் உயரத்தில் உள்ள ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையம் ரேட்டியன் ரயில்வேயின் மிக உயர்ந்த இடம். அங்கிருந்து பாதை, பனியாற்றுத் துகள் கலந்ததால் பால்நிறம் பெற்ற லாகோ பியாங்கோ ஏரியின் கரையோரமாகச் செல்கிறது. இவ்வேரிக்கு வடக்கே சிறிது தொலைவில் கிடக்கும் கருநிற ஏரியின் நீர் இன், டான்யூப் வழியே கருங்கடலை அடைய, இவ்வேரியின் நீர் இயல்பான சரிவில் அட்டா, போ ஆறுகள் வழியே ஏட்ரியாட்டிக் கடலுக்குச் செல்கிறது. ஐரோப்பாவின் பெரிய நீர்ப்பிரிமேடுகளுள் ஒன்று மிதிவண்டியின் சில நிமிட ஓட்டத்தில் கடக்கப்பட்டுவிடுகிறது.

ஏரியின் தென்முனைக்கு அப்பால் நிலம் சட்டென்று விழுகிறது. எதிரே பாலூ பனியாறு பாறையில் தொங்க, ஆல்ப் குரும் நிலையத்தின் கீழே ரயில் வளைந்து வளைந்து இறங்க, ஒற்றையடிப் பாதையும் அதனோடு மாறி மாறிக் குறுக்கிட்டு, வேரும் கல்லும் நிறைந்த காட்டுக்குள் நுழைகிறது. காவாலியாவின் சிறு சமவெளியை ஒட்டி, பனியாற்றின் அடியில் சுழன்ற நீரும் கற்களும் பாறையில் குடைந்த ஆழ்ந்த வட்டக் குழிகள் காணக்கிடைக்கின்றன. அங்கிருந்து கீழே ஸ்புரூஸ் குறைந்து கஷ்கொட்டை நாட்டின் வெதுவெதுப்பு நெருங்க, அறிவிப்புப் பலகைகளின் மொழி இத்தாலியனுக்கு மாற, 1,014 மீட்டர் உயரத்திலுள்ள போஸ்கியாவோ ஊரின் கற்பாவிய சதுக்கத்தில் பாதை முடிகிறது. 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட இந்த இறக்கத்தில் ரயில் நிலையங்கள் இடையிடையே அமைந்திருப்பதால், களைத்தவர் எங்கும் வண்டியை ஏற்றிக்கொள்ளலாம் என்பது இதன் தனி வசதி.

இத்தகைய பயணத்துக்கு உகந்த காலம் ஜூலை முதல் அக்டோபர் தொடக்கம் வரை. ஜூன் மாதத்தில் உயர்ந்த கணவாய்களின் வடக்குச் சரிவில் பழைய பனி கெட்டியாகக் கிடக்கும். பிற்பகலில் இடிமேகம் திரள்வது கோடையின் வழக்கம் என்பதால் சிகரப் பகுதியைக் காலையிலேயே கடப்பதும், வெயில் நாளிலும் குளிர்காப்பு உடையும் மழைச்சட்டையும் உடன் வைத்திருப்பதும் அவசியம். விலங்குகள் மேய வெளிவரும் அந்திப் பொழுதில் காட்டுப்பாதைகளைத் தவிர்ப்பது மரபு. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை மின்மோட்டார் துணைசெய்யும் வண்டிகள் பொதுவாக மிதிவண்டிக்குரிய விதிகளின் கீழ் வருவதால், ஏறும் வலு குறைந்தோரும் இப்பாதைகளுக்கு வருகின்றனர். ஆனால் மோட்டார் ஏற்றத்துக்குத் துணை செய்யுமேயன்றி இறங்கும் திறனைத் தராது. விபத்து நேர்ந்தால் 1414 என்ற எண்ணில் ரேகா எனப்படும் வான்வழி மீட்பு அமைப்பை அழைக்கலாம். வெளிநாட்டவர் மீட்புச் செலவுக்கான காப்பீடு எடுத்துவருவது நன்று.

கிராவுபுண்டன் காட்டும் பாடம் செங்குத்துச் சரிவிலோ நீண்ட தொலைவிலோ அடங்கியதன்று. அங்கே நல்ல பாதை என்பது, மழைக்குப் பின் நீரை ஓரம் தள்ளத் தவறாத ஒரு மரக்கட்டையும், எதிரே நடந்துவருபவருக்கு நின்று வழிவிடும் ஓட்டுநரும், அந்த இருவரும் வரலாம் என்று ஒப்புக்கொண்ட ஓர் ஊரும் சேர்ந்து ஆவது. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் பாதை மூடப்படும். மூடிய பாதையைத் திறக்கவைப்பது புதிதாக வெட்டுவதைவிடக் கடினம். ஆகவே அங்கே செல்லும் பயணி, நடப்போரைக் கண்டால் வேகத்தைக் குறைத்து வணக்கம் சொல்லி வழிவிடுவதையும், பின்சக்கரத்தைச் சறுக்காமல் இறங்கக் கற்பதையும், திறந்த வேலியை மீண்டும் மூடுவதையும் அப்பாதைகளுக்குத் தாம் செலுத்த வேண்டிய சுங்கமாகக் கொள்ள வேண்டும்.